ஒன்றுமே சாப்பிடாத ஊர்

கீழச்சுனைப்பட்டியில் ஒரு தாயிடம் போய், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டால், "எங்க சாப்புடுறான்?" என்பதைத் தவிர வேறு பதில் வராது. மேலூரிலிருந்து மினி பஸ் ஏறி அந்த ஊரில் இறங்குகிற எவருக்கும் இது தெரியும். பிள்ளை இரண்டு கையிலும் இட்லியை வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு அழுதுகொண்டிருந்தாலும் பதில் அதேதான். "ஆமா, நல்லாச் சாப்புடுறான்" என்று ஒருத்தி வாய்தவறிச் சொல்லிவிட்டால், கேட்டவள் கண் பட்டு அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைக்கு வயிற்றால் போய்விடும். அதனால் அங்கே எவளும் சொன்னதில்லை. சொல்லாததால் வியாதி வரவில்லையா, வராததால் சொல்லவில்லையா என்று யாரும் ஆராய்ந்ததும் இல்லை. ஆராய்ச்சியெல்லாம் பசுமலையில் நடப்பது.

பசுமலையில் 'தாய்மைப் பராமரிப்பு மற்றும் சிசு ஊட்டச்சத்து உயராய்வு மையம்' இருந்தது. பெயர்ப்பலகை வாசலில் தொடங்கி, மதில் திரும்புகிற இடத்தில் திரும்பி, சைக்கிள் நிறுத்துமிடத்தருகே 'மையம்' என்று முடிந்தது. அதனால் சைக்கிளில் வருகிறவர்கள் அதை மையம் என்றார்கள். காரில் வருகிறவர்கள் தாய்மை என்றார்கள்.

மையத்திலிருந்து ஒரு காலையில் காவ்யஸ்ரீ என்ற பெண் டேப்லெட்டோடு கீழச்சுனைப்பட்டிக்கு வந்து இறங்கினாள். முதலில் அகப்பட்டவள் முத்துமீனா. தெருக்குழாயடியில் குடம் நிறையக் காத்துக்கொண்டு, மகன் தமிழ்மாறனை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் வாயைச் சுற்றிக் கேப்பைக்கூழ் காய்ந்திருந்தது. கையில் அவித்த கிழங்கு ஒன்று பாதியாக இருந்தது.

"அக்கா, பையனுக்கு எத்தனை மாசம்?"

"பத்து முடியப் போகுது."

"நல்லாச் சாப்பிடுவானா?"

முத்துமீனா இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி, முறைக்கு மதினி, குடத்தோடு நின்றிருந்தாள். தண்ணீருக்கு வந்த இன்னும் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தச் சாப்புடுறான். ஒரு வாய் வாங்க மாட்டேங்கிறான். எப்படி இளைச்சுப் போயிட்டான் பாருங்க" என்று சொல்லி, இளைத்துப்போனவனை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றினாள். அவன் பாரம் தாங்காமல் ஒரு வாரமாக அவளுக்கு முதுகு பிடித்திருந்தது.

காவ்யஸ்ரீக்குக் கண் இருந்தது. ஆனால் டேப்லெட்டில் கண்ணுக்கு இடம் விடவில்லை. 'தாய் கூறியது' என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. அதில், 'சாப்பிடுவதில்லை' என்று தொட்டாள்.

"எம்மகளும் அப்படித்தேன் தங்கச்சி" என்றாள் செல்லக்கிளி, கேட்பதற்கு முன்பே. "காத்தக் குடிச்சே வளருது." மகள் அவள் முந்தானையைப் பிடித்திழுத்து முடிச்சிலிருந்த முறுக்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடி வீட்டு இருளாயியும் அதையே சொன்னாள். "சாப்புட மாட்டேங்குதும்மா." அவள் மகளுக்கு ஒன்றரை வயது. தோளில் சாத்திய துண்டைப் போலத் தாயின் மேல் கிடந்தது. இருளாயி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். குரலுக்கும் டேப்லெட்டில் கட்டம் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு பிள்ளைகூடச் சாப்பிடுவதில்லை என்பது உறுதியாகிவிட்டது.

மையத்தில் ஒரு வரைபடம் உண்டு. பிள்ளைகள் சாப்பிடுகிற ஊர் பச்சை, அரைகுறையாகச் சாப்பிடுகிற ஊர் மஞ்சள், சாப்பிடாத ஊர் சிவப்பு. கீழச்சுனைப்பட்டி ஒரே இரவில் ரத்தச் சிவப்பாகிவிட்டது. பஞ்சம் வந்த காலத்தில்கூட இந்த மாவட்டத்தில் அப்படியொரு சிவப்பு இருந்திருக்காது என்று இயக்குநர் முனைவர் பத்ரிநாத் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். துக்கம் தாங்காமல், அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் அவரே வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டு, பிள்ளைகளையெல்லாம் தராசில் நிறுத்தினார்கள். இருளாயி மகளைத் தவிர எல்லாப் பிள்ளைக்கும் எடை சரியாக இருந்தது. தமிழ்மாறனை வைத்தபோது முள் சரியென்கிற கோட்டைத் தாண்டி, கொஞ்சம் மூச்சு வாங்கி, அப்புறமும் போனது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, இங்கே நாம் ஓர் அதிசயத்தின் முன் நிற்கிறோம். இந்த ஊரில் எந்தக் குழந்தையும் சாப்பிடுவதில்லை. இது நான் சொன்னதல்ல, பெற்ற தாய் சொன்னது. ஆனால் தராசு என்ன சொல்கிறது? எடை இருக்கிறது என்கிறது. இரண்டில் ஒன்று பொய். தாய் பொய் சொல்வாளா? தாயைச் சந்தேகிக்கிற விஞ்ஞானம் எனக்குத் தேவையில்லை. ஆகவே, பொய் சொல்வது தராசு."

தாய்மார்கள் கை தட்டினார்கள். தங்களை இதுவரை ஒருத்தரும் இவ்வளவு தூரம் நம்பியதில்லை.

வேறு தராசு வந்தது. அதுவும் அதையே சொன்னது. இரண்டும் ஒரே கம்பெனி என்று கண்டுபிடித்து, மேலூர்ச் சந்தையில் நெல் நிறுக்கிற தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதுவும் மசியவில்லை. தராசுகளுக்குள் ஏதோ ஒற்றுமை இருக்கிறது என்றும், அதைத் தனியாக ஆராய வேண்டுமென்றும் இயக்குநர் குறிப்பெடுக்கச் சொன்னார். இந்த நிலைக்கு 'கீழச்சுனைப்பட்டி முரண்பாடு' என்று அங்கேயே பெயரும் வைத்தார். வெளிநாட்டு மாநாட்டில் படிக்க அவருக்கு வெகுநாளாக ஒரு முரண்பாடு தேவைப்பட்டிருந்தது.

இருளாயி மகளைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் தாளைப் பார்த்தார்.

"எடை குறைவு. சாப்பிடுவதும் இல்லை. அப்படித்தானேம்மா?"

"ஆமாங்கய்யா."

"இரண்டும் ஒத்துப்போகிறதே. இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? அடுத்து."

அடுத்து நின்றவள் முத்துமீனா. அவர் தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பிள்ளையைப் பார்த்தார். ஒரு வாய்கூட வாங்குவதில்லை, எடையோ ஊரிலேயே அதிகம்.

"அம்மா, நீங்கள் இந்த மாவட்டத்தின் பொக்கிஷம்" என்றார். "இன்றைக்கே மையத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டு வார உள்ளுறை முகாம். தாய்க்கும் சேய்க்கும் எல்லாம் இலவசம்."

முத்துமீனாவின் புருஷன் அழகுபாண்டி முன்னால் வந்தான். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், பேச்சிலும் பிரேக்கைக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்பான். "சார், மகனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். மச்சான் சார்ஜாவுலருந்து அதுக்குன்னே லீவு போட்டு வந்திருக்காப்ல. பத்திரிகை குடுத்தாச்சு, கெடா பிடிச்சாச்சு. மாமன் மடியில உக்காத்தித்தேன குத்தணும்? அவரு பிளேன் ஏறிட்டா இன்னும் ரெண்டு வருசத்துக்கு வர முடியாது சார்."

"காது பிறகு குத்தலாம். பசி பொறுக்காது" என்றார் இயக்குநர்.

"அவனுக்கு எங்க சார் பசி?"

"பசியே இல்லையா?" இயக்குநர் பின்னால் திரும்பினார். "இதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

வர மறுத்தால், பிள்ளையைப் பராமரிக்க மறுக்கிற தாய் என்று மேலே எழுதிவிடுவார்கள், பிறகு விசாரிக்க வேறு ஆட்கள் வருவார்கள் என்று மேற்பார்வை அம்மாள் ஒருத்தி தேன் குரலில் விளக்கினாள். காவ்யஸ்ரீ மட்டும் முத்துமீனாவை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "அக்கா, நல்லாச் சாப்பிடுறான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் மாத்திப் போட்டுடுறேன், இப்பவே விட்டுருவாங்க" என்றாள்.

முத்துமீனா ஷாமியானாவைச் சுற்றிப் பார்த்தாள். ஊரே நின்றது. பக்கத்து ஊர்க்காரிகளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி பார்த்த பூசணிக்கொடி பட்டுப்போனதாக ஊருக்குள் பேச்சு. அவள் தமிழ்மாறனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பேருக்கு முன்னாலயா? நான் வேனுலயே ஏறிக்கிறேன் தங்கச்சி" என்றாள் முத்துமீனா.

வீட்டில் தமிழ்மாறன் சாப்பிடுகிற முறை வேறு. முத்துமீனா பருப்புச் சோற்றில் நெய்விட்டு விரலால் மசிய மசியப் பிசைந்து, அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்குவாள். செல்லக்கிளி வீட்டு ஆட்டுக்கு முன்னால் ஒரு வாய். சண்டைச்சேவலுக்கு முன்னால் ஒரு வாய். கடைசியாகக் குட்டியானைக்குள் உட்கார வைத்து அழகுபாண்டி ஹாரன் அடிப்பான். ஒரு அடிக்கு ஒரு வாய். கிண்ணம் காலியாகும்போது தெருவில் பாதிப் பேர் அவனுக்கு ஊட்டியிருப்பார்கள்.

மையத்தில் இதையெல்லாம் கேட்டு மேற்பார்வை அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையின் கவனத்தைத் திருப்பி வாயில் திணிப்பது வன்முறை. இங்கே அறிவியல் முறைப்படி ஊட்ட வேண்டும். தாய் நிமிர்ந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பிள்ளை எதிர் நாற்காலியில். கண்ணோடு கண் பார்க்க வேண்டும். கை கூடாது, கரண்டிதான். பேசலாம், ஆனால் அட்டையில் அச்சடித்திருக்கிற வாக்கியங்களை மட்டும்தான் பேசலாம். அவற்றை இயக்குநரே இயற்றியிருந்தார்.

முத்துமீனா அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "கண்ணே, உனக்கு இப்பொழுது பசி உணர்வு தோன்றுகிறதா?"

தமிழ்மாறன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தான். குரல் அம்மா குரல்தான், ஆனால் உள்ளே வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்டதாகப் பட்டது. உதடு பிதுங்கியது. கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து வெள்ளைக்கோட்டுக்காரர்கள் வரிசையாகத் தலையைக் குனிந்து எழுதினார்கள்.

"நீ வாயைத் திறந்தமைக்கு நன்றி" என்று முத்துமீனா அடுத்த வாக்கியத்தைப் படித்தாள். அவன் வாயைத் திறந்தது அழுவதற்காக.

அழுதால் அது மறுப்புச் சைகை. மறுப்பை மதிக்கிறவளே நல்ல தாய். எனவே ஓர் ஆயா வந்து சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வேளைக்கு முத்துமீனாவுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மறுவேளையும் அப்படியே. பிள்ளை ஒரு பருக்கைகூட உண்ணாமல் நான்கு நாள் போனபோது, முகாமின் முதல் மாணவியாக அவள் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பூப்போட்டிருந்தார்கள்.

இரவில் விளக்கணைந்த பிறகு அவனை மார்போடு அணைத்துக்கொண்டு பால் கொடுத்தாள். அதுதான் அவனை நிறுத்தி வைத்திருந்தது. இரவில் மதிப்பெண் போட ஆளில்லாததால் அது ஆய்வில் சேரவில்லை.

போனில் இதைக் கேட்ட அழகுபாண்டி மறுநாள் மதியம் குட்டியானையை ஓட்டிக்கொண்டு பசுமலைக்கு வந்து, மையத்தின் மதிலோரம் நிறுத்தி, ஹாரனை அடித்தான். உள்ளே தமிழ்மாறன் விலுக்கென்று நிமிர்ந்தான். வாய் தானாகத் திறந்தது. முத்துமீனா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விரலால் ஒரு கவளத்தை உள்ளே தள்ளினாள். அடுத்த ஹாரனுக்கு அடுத்த கவளம். கண்ணாடிக்கு அப்பால் கூச்சல் எழுந்தது. அழகுபாண்டி மூன்றாவது தரம் அடிப்பதற்குள் காவலாளி வெளியே ஓடினான்.

"அண்ணே, இங்க ஹாரன் அடிக்கக் கூடாதுண்ணே."

"எம்மகன் சாப்புடுறாம்ப்பா."

"அதுக்குத்தாண்ணே அடிக்கக் கூடாதுங்கிறாங்க."

சாயங்காலமே அந்தச் சாலையில், 'உணவு ஆய்வுப் பகுதி, ஒலி எழுப்பாதீர்' என்ற பலகை முளைத்தது. முத்துமீனாவுக்கு அன்று பூஜ்யம். கரும்பலகையில் பூவை அழித்தார்கள்.

இரண்டாவது வாரம் தமிழ்மாறனைத் தராசில் வைத்தபோது முள் முதல்முறையாகக் கோட்டுக்குக் கீழே நின்றது. சட்டை தோளிலிருந்து நழுவி, கழுத்தெலும்பு தெரிந்தது. இயக்குநர் செய்தி கேட்டுப் படியேறி ஓடிவந்தார், முகமெல்லாம் வெளிச்சம்.

"பார்த்தீர்களா? தாய் அன்று சொன்னதைத் தராசு இன்று ஒப்புக்கொண்டுவிட்டது. தராசு திருந்திவிட்டது." எல்லோருக்கும் ஜிலேபி கொடுக்கச் சொன்னார்.

"அய்யா, பிள்ளையக் கூட்டிட்டுப் போயிறட்டுமா?" என்றாள் முத்துமீனா.

"தாராளமாக. நிறைவு விழா மேடையில் ஏறி, 'என் குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது' என்று மைக்கில் சொல்லுங்கள். அடுத்த நிமிடம் போகலாம். அப்படிச் சொல்ல முடியாதவர்கள் அடுத்த முகாமிலும் இருக்க வேண்டியதுதான். முகாமின் நோக்கமே அதுதானே."

அடுத்த முகாம் என்றால் இன்னும் இரண்டு வாரம். அதற்குள் அண்ணன் நல்லகாமன் சார்ஜாவுக்கு விமானம் ஏறிவிடுவான். காதுகுத்து போனால்கூடப் போகட்டும். இந்த நாற்காலியில் இன்னும் இரண்டு வாரம் உட்கார்ந்தால் பிள்ளை என்ன ஆவான் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சபையில் சொன்னால் கண் பட்டுவிடுமே. முகாமில் இருந்த மற்றத் தாய்மார்களும் ராத்திரியெல்லாம் அதைப் பற்றித்தான் குசுகுசுத்தார்கள். ஊர் ஊராக வந்தவர்கள், ஆனால் ஒருத்தியும் அதைச் சொல்லிப் பழகியவள் இல்லை.

நிறைவு விழாவுக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் மாவட்ட வரைபடம் ஒளிர்ந்தது. தாய்மார்கள் மைக்கில் சொல்லச் சொல்ல, ஓரமாக உட்கார்ந்திருக்கும் காவ்யஸ்ரீ டேப்லெட்டில் தொடுவாள். அவரவர் ஊர் அப்போதே திரையில் நிறம் மாறும். இயக்குநர் பத்ரிநாத்துக்குக் கைவைத்த நாற்காலி பற்றாதென்று கையில்லாத அகல நாற்காலி போட்டிருந்தார்கள். இல்லையென்றால் விழா முடிவில் நாற்காலியும் அவரோடு எழுந்து வரும்.

அன்றைய சிறப்பு நிகழ்ச்சி, இயக்குநரைப் பெற்ற தாயார் சாரதாம்பாளுக்கு 'தாய்மைச் சுடர்' விருது. விருதைக் கொடுத்தவர் இயக்குநர். தேர்வுக் குழுவில் இருந்தவரும் அவரே. பொன்னாடை போர்த்திய பிறகு, அறிவியல் முறையில் பிள்ளை வளர்த்த அனுபவத்தைப் பற்றி அம்மா இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்.

சாரதாம்பாள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"என்னத்தச் சொல்றது? எல்லாரும் பத்ரிய எப்படி வளத்தீங்கன்னு கேக்கறாங்க. இவன் எங்க சாப்பிடறான்? அன்னிக்கும் சாப்பிட மாட்டான், இன்னிக்கும் சாப்பிட மாட்டான். காலைல தட்டுல கொஞ்சம் பொங்கல், மேல நாலு வடை, அவ்வளவுதான். பதினோரு மணிக்குக் கொஞ்சம் புளியோதரை. மத்தியானம் சாப்பாடுன்னு பேருக்கு உக்காருவான். ராத்திரி எனக்காக எட்டுத் தோசை. பாருங்க, எலும்பும் தோலுமா நிக்கறான்."

அரங்கம் முழுவதும் எலும்பையும் தோலையும் பார்த்தது. மேடைப் பலகை கிறீச்சிட்டது.

ஓரத்திலிருந்த காவ்யஸ்ரீ திகைத்தாள். மைக்கில் எந்தத் தாய் எதைச் சொன்னாலும் அப்படியே பதிய வேண்டுமென்பது இயக்குநரின் கையொப்பமிட்ட உத்தரவு. விரல் தயங்கியது, பிறகு தொட்டது. திரையில் பசுமலைக்கு மேல் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்து மினுக் மினுக்கென்று எரிந்தது. கணினிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "உடனடி உள்ளுறை முகாம் பரிந்துரைக்கப்படுகிறது" என்றது.

"தொழில்நுட்பக் கோளாறு" என்றார் இயக்குநர். திரையை அணைத்தார்கள். "அடுத்து, முத்துமீனா."

முத்துமீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். முன்வரிசையில் அழகுபாண்டி, அண்ணன் நல்லகாமன், ஊரிலிருந்து வந்த செல்லக்கிளி. எல்லார் கண்ணும் தமிழ்மாறன் மேல். அவள் இயல்பாக முந்தானையை இழுத்து அவனை மூடப் போனாள். அப்போதுதான் கைக்கு அவன் முதுகெலும்பு தட்டியது. குனிந்து பார்த்தாள். ஒட்டிய கன்னம், நழுவுகிற சட்டை. யார் கண் எதன் மேல் படப் போகிறது? கண் படுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? நிறைந்த வயிற்றை நிறைந்தது என்று சொன்னால்தானே ஆபத்து. காய்கிற வயிற்றை அப்படிச் சொன்னால் அது வெறும் பொய். பொய்யின் மேல் எவள் கண் வைப்பாள்?

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மைக்கை இழுத்து வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"எம்மகன் நல்லாச் சாப்புடுறான்" என்றாள். அரங்கில் மற்றத் தாய்மார்கள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அவள் நிறுத்தவில்லை. "தட்டுத் தட்டாச் சாப்புடுறான். வச்சு மாளல. எங்களுக்கு மிச்சம் வைக்க மாட்டேங்கிறான்."

செல்லக்கிளி வாயில் அடித்துக்கொண்டாள். இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். பின்பு மைக்குக்கு வந்து, தழுதழுத்த குரலில் முடிவுரை வழங்கினார்.

"இந்தக் குழந்தை இங்கே வந்தபோது ஒன்றுமே சாப்பிடவில்லை. எடை மிக அதிகம். இன்று தட்டுத் தட்டாகச் சாப்பிடுகிறது. எடை குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் என்னிடம் உள்ளது. ஆகவே அறிஞர் பெருமக்களே, நம் குழந்தைகளின் எடைக் குறைவுக்கு மூல காரணம் சாப்பிடுவதே என்ற உண்மையை இந்த மையம் உலகுக்கு முதன்முதலாக அறிவிக்கிறது."

அறிஞர் பெருமக்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முத்துமீனாவுக்கு ஒரு கேடயமும் ஒரு பெட்டி சத்துமாவு டப்பாவும் கொடுத்து அனுப்பினார்கள். மற்றத் தாய்மார்கள் அவளை மாடிப்படியில் மறித்து எப்படிச் சொன்னாய் என்று கேட்க, அவள் அவர்கள் காதில் ஒவ்வொருத்தியாக ஓதிவிட்டு இறங்கினாள். அவர்களும் வரிசையாக மேடையேறி அதையே சொல்ல, அன்று முகாம் முழுக்கக் காலியானது.

"ஏன்டி, இப்படிச் சபையில சொல்லிப்பிட்டயே. கொஞ்சமாச்சும் பயம் இருக்கா?" என்றாள் செல்லக்கிளி, குட்டியானையின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததும்.

"பொய்தேன மதினி சொன்னேன். மெய்யவா சொல்லிட்டேன்?"

செல்லக்கிளி ஒத்தக்கடை தாண்டும்வரை யோசித்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அதுவுஞ் சரிதேன்" என்றாள்.

அழகுபாண்டி ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். மேலூர் வருவதற்குள் தமிழ்மாறன் இரண்டு வாழைப்பழம் தின்றிருந்தான்.

மறுநாள், தள்ளிப்போட்டிருந்த காதுகுத்து. குலசாமி கோயில் வாசலில் பந்தல் போட்டு, மாமன் மடியில் உட்கார வைத்து, இரண்டு காதையும் குத்தினார்கள். தமிழ்மாறன் ஊர் அதிர அழுதான். நல்லகாமன் அவன் வாயில் ஈரலை மசித்து வைத்தான். அழுகை நடுவிலேயே நின்றது. பிறகு மாமன் ஒரு வாய், செல்லக்கிளி ஒரு வாய், ஆட்டைக் காட்டி ஒரு வாய் என்று போய்க்கொண்டிருந்தது. பந்தியில் நூற்றுக்கணக்கான சனம். ரேடியோ செட் பக்கத்து ஊருக்கும் சேர்த்துப் பாடியது.

அந்த நேரத்தில் மையத்தின் வேன் வந்து நின்றது. காவ்யஸ்ரீ டேப்லெட்டோடு இறங்கினாள்.

"பின்தொடர் ஆய்வு, அக்கா" என்றாள் முத்துமீனாவிடம், முகத்தைப் பார்க்காமல். "ஒரே கேள்விதான். ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்கணும்."

முத்துமீனா மகனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "கேக்காதீக தங்கச்சி. கேட்டா நான் சொல்லுவேன். சொன்னா நீங்க எழுதுவீக. எழுதுனா அந்த வேனு எங்களத் தூக்கிட்டுப் போகும்."

"நல்லாச் சாப்பிடுறான்னு அன்னைக்கு மேடையில சொன்னீங்களேக்கா."

"அன்னைக்கு அவன் சாப்புடல, சொன்னேன். இன்னைக்கு எப்படிச் சொல்ல?"

காவ்யஸ்ரீ தமிழ்மாறனைப் பார்த்தாள். அவன் மாமனின் விரலையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல இலையில உக்காரும்மா. வெறும் வயித்தோட கேள்வி கேக்காத" என்று செல்லக்கிளி அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, வேண்டாம் என்று மறித்த கையின் மேலேயே கறி விழுந்தது. காவ்யஸ்ரீ இலை காலியாகும்வரை சாப்பிட்டாள். பிறகு கை கழுவி, டேப்லெட்டை மடியில் வைத்து, திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். எல்லாப் பதில்களுக்கும் அடியில், கணக்கெடுக்கப் போகிறவர்கள் வெயிலில் அலைந்து சலித்த நாளில் மட்டும் தொடுகிற ஒன்று இருந்தது: 'வீடு பூட்டியிருந்தது.'

ரேடியோ செட்டுக்குக் கீழே உட்கார்ந்து அதைத் தொட்டாள். அடுத்த வீட்டுக்கும் தொட்டாள். செல்லக்கிளி பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு வீட்டுப் பெயராக எடுத்துக் கொடுத்தாள். பாயசம் வருவதற்குள் கீழச்சுனைப்பட்டி முழுவதும் பூட்டப்பட்டது.

"இருளாயி வீட்டப் பூட்டாதீக" என்றாள் முத்துமீனா. இருளாயி பந்தியோரம் மகளுக்கு ரசச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கேடயத்தோடு வந்த மாவு டப்பாக்கள் நேற்றே அவள் வீட்டுக்குப் போயிருந்தன. ஆனால் டப்பா எத்தனை நாளைக்கு வரும்? "அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் வழி இருக்கா தங்கச்சி?"

"எடையும் குறைச்சல், சாப்பாடும் குறைச்சல்னு போட்டா சார் பாக்கவே மாட்டார்க்கா. முரண்பாடு இல்லம்பார்."

"அப்ப எடையக் கூட்டிப் போடு" என்றாள் செல்லக்கிளி.

"பொய்யாயிடுமே."

"இம்புட்டு நாளும் மெய்யத்தேன் எழுதுனியாக்கும்?"

காவ்யஸ்ரீ இருளாயி மகளைப் பார்த்தாள். பிறகு அதன் எடையைக் கூட்டினாள். கை பழகிய உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

அடுத்த மாதம் மையத்தின் ஆய்வறிக்கை வெளிவந்தது. பசியின் கொடுமை தாங்காமல் ஒரு கிராமமே ஒரே நாளில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறிய சோகத்தை முனைவர் பத்ரிநாத் அதில் உருக்கமாக எழுதியிருந்தார். ஆளற்ற அந்தத் தெருக்களின் கடைக்கோடியில், திறந்திருந்த ஒரே ஒரு வீட்டில், ஒன்றுமே உண்ணாமல் மலைபோல் வளர்ந்து நிற்கும் ஒரு பெண்குழந்தையைப் பற்றித் தனி அத்தியாயம் இருந்தது. அந்த அதிசயத்தைக் கைவிட்டுவிடக் கூடாதென்று, மையம் தன் செலவில் வாராவாரம் முட்டையும் பாலும் பருப்பும் பழமும் இருளாயி வீட்டுக்கு அனுப்பியது. முகாமுக்கு வரச் சொல்லவில்லை. இயற்கைச் சூழலில் வைத்தே கவனிக்க வேண்டிய அரிய நிகழ்வு என்று இயக்குநர் கருதினார்.

இருளாயி முட்டையை அவித்து, பருப்பை மசித்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டையும் சேவலையும் குட்டியானையையும் சுற்றி வந்தாள். ஆடி மாதம் காவ்யஸ்ரீ மறுபடி வந்து பிள்ளையைத் தராசில் வைத்தபோது, தான் பொய்யாகப் போட்ட எண்ணில் முள் வந்து நின்றது. எழுதிய எடைக்குக் குழந்தை வந்து சேர்ந்தது மையத்தின் வரலாற்றில் அதுதான் முதல்முறை.